வேன் கதை

கதிர், நீ ஆவடியிலிருந்து திரும்பி வந்ததும் முதலில் உன் மேஜையைத்தான் பார்ப்பாய். திங்கட்கிழமைக்காக நீயே இஸ்திரி போட்டு நாலாக மடித்து வைத்த சிவப்புத் துணி அங்கே இருக்கிறது. கல்லூரி போகும்வரை சட்டைக்குக்கூட என்னிடம் இஸ்திரி கேட்டு நின்ற பிள்ளை, இருபத்தைந்து வயதில் ஒரு கழுத்துத் துணிக்கு இத்தனை மெனக்கெடுகிறானே என்று உன் அப்பாவும் நானும் சிரித்தோம். அந்தத் துணிக்கு அடியில் இந்தக் கடிதத்தை வைக்கப் போகிறேன். இதைப் படித்து முடிக்காமல் துணியைக் கழுத்தில் கட்டாதே. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதென்ன கடிதம் என்று நினைப்பாய். நேரில் சொல்ல நாலு முறை வாயைத் திறந்தேன். நாலு முறையும் "சாப்பிட்டியாடா?" என்றுதான் வந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. புதன்கிழமையிலிருந்து இந்தப் பயம். அன்றைக்கு நான் சமையலறையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீ ஹாலில் கண்ணாடி முன்னால் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு நின்றாய். இரண்டு உள்ளங்கைகளையும் மேலே காட்டி, தோளை லேசாகத் தூக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, புன்னகையோடு 'நோ என்தியேந்தோ' என்று சொல்லிப் பார்த்தாய். ஸ்பானிஷில் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். திரும்பத் திரும்பச் சொன்னாய். அப்போதுதான் என் இடது கை தோளிலிருந்து விரல்வரை மரத்துப்போன மாதிரி இருந்தது. "கதிர், கை மரத்துப் போவுதுடா, இங்க வா" என்று கூப்பிட்டேன். நீ வந்து வாசற்படியில் நின்றாய். கைகளை விரித்தாய். தலையைச் சாய்த்தாய். அதே புன்னகை. நான் திரும்பச் சொன்னேன். நீ திரும்ப அதையே செய்தாய். என் முகத்தில் எதையோ பார்த்த பிறகுதான் துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடி வந்தாய். "சும்மா ப்ராக்டிஸ்மா, ஸாரிமா, ஸாரிமா" என்று அழாத குறையாகச் சொன்னாய். டாக்டர் பார்த்துவிட்டு, படுத்த வாட்டத்தில் நரம்பு அழுந்தியிருக்கும், வேறொன்றும் இல்லை என்று சொன்னார். உனக்கு அத்தோடு முடிந்துபோனது. எனக்கு முடியவில்லை. கை பயமுறுத்தவில்லை கதிர். உன் முகம் பயமுறுத்தியது. அது என் முகம். நான் பத்து வருடத்துக்கும் மேலாகப் போட்டுப் போட்டுத் தேய்த்த முகம், அப்படியே உன்மேல் உட்கார்ந்திருந்தது.

முகப்பேர் பள்ளியில் நான் சேர்ந்தபோது நீ ஆறாவது படித்தாய். ஸ்பானிஷ் என்றால் எந்த நாட்டு மொழி என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. கணக்கில் பட்டம் வாங்கி வைத்துக்கொண்டு, உன் அப்பாவுக்கு ஃபேக்டரிக்கு டிபன் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். மேடம் எட்டு வருடம் மெக்சிகோவில் இருந்துவிட்டு வந்தவர். மழலையர் பள்ளியை முழுக்க முழுக்க ஸ்பானிஷிலேயே நடத்த வேண்டும் என்று அவருக்கு வெறி. அங்கிருந்து ஆசிரியைகளை வரவழைக்க வசதி கிடையாது. அதனால் முகப்பேரிலும் அம்பத்தூரிலும் இருந்த எங்களைப் பிடித்து, மத்தியானங்களில் உட்கார வைத்து மொழியைச் சொல்லிக்கொடுத்து, எங்களையே வெளிநாட்டுக்காரிகள் ஆக்கிவிட்டார். முதல் நாள் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "துணி கழுத்துல இருக்கற வரைக்கும் உங்களுக்குத் தமிழ் தெரியாது. கேட் தாண்டினதும் கழட்டிட்டு எவ்ளோ வேணா பேசிக்கோங்க. உள்ள நீங்க வேற ஊர்க்காரங்க." குழந்தை தமிழில் என்ன சொன்னாலும் நாங்கள் கையை விரித்து, தலையைச் சாய்த்து, புன்னகைக்க வேண்டும். வேறு வழியில்லை என்று தெரிந்தால் குழந்தை புது மொழியில் கேட்கத் தொடங்கிவிடும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மாதத்தில் பிள்ளைகள் தண்ணீர், பந்து, பசி எல்லாவற்றையும் ஸ்பானிஷில் கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. வகுப்பில் காட்டும் சொல் அட்டைகளை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துதான் நீயும் படித்தாய், அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த மொழியாலேயே முதல் வேலையும் வாங்கினாய். அந்தப் பள்ளி நமக்குச் சோறு போட்டது. இப்போது எழுதப்போவதை நன்றிகெட்டதனமாக எழுதவில்லை என்று நீ புரிந்துகொள்ள வேண்டும்.

பள்ளிக்குள் தமிழுக்கு அனுமதி இருந்த ஒரே இடம் கழிவறை. அங்கே கன்னியம்மா அக்கா இருந்தார், பிள்ளைகளைக் கழுவிவிடும் ஆயா. அவருக்கு மட்டும் துணி கிடையாது. மேடம் அவருக்கும் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். "இன்னா டீச்சரம்மா இது, புள்ள ஆய் போயிட்டு அழுவுது, நான் நின்னுகினு பாஷ பேசிகினு இருந்தா நாறிடாதா?" என்று என்னிடம் கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மேடமும் சரி போகட்டும் என்று விட்டுவிட்டார்.

முகத்தின் வேலை என்னவென்று எனக்குச் சீக்கிரமே ஒரு எச்சரிக்கை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயும் நானும் அம்பத்தூர் மார்க்கெட்டுக்குப் போனபோது, கத்தரிக்காய் சொத்தை என்று நான் கடைக்காரரோடு சண்டை பிடித்தேன், ஞாபகம் இருக்கிறதா? என் வகுப்புப் பையன் ஒருவன் அப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்த்துவிட்டான். "அப்பா, மாஎஸ்த்ராவுக்குத் தமிழ் வந்துடுச்சுப்பா!" என்று கத்தினான். மாஎஸ்த்ரா என்றால் டீச்சர். மார்க்கெட்டே சிரித்தது. நீயும் சிரித்தாய். மறுநாள் காலை அவன் நேராக என்னிடம் வந்து, "நேத்து கத்திரிக்கா வாங்கினீங்கல்ல?" என்று தமிழில் கேட்டான். நான் கையை விரித்தேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் காதை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். அவன் கேட்டது சரி, பார்த்தது சரி. ஆனாலும் நான் தவறு என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே அது எனக்கு உறுத்தியது. மதியம் சாப்பிட்டதும் அது போய்விட்டது.

இனி நடந்ததை எழுதுகிறேன். நீ பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம், ஆகஸ்ட் மாதம். எனக்கு ஒரு வாரம் காய்ச்சல் என்று படுத்துக்கிடந்தேனே, நீகூட கஞ்சி வைத்துக் கொடுத்தாயே, அந்த வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. காய்ச்சல் இல்லை கதிர். நீ உப்புப் போட மறந்த அந்தக் கஞ்சியைக் குடிக்கும்போதெல்லாம் நான் உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை தூறல் போட்டதால் வேன் ஓட்டும் சம்பத் அண்ணன் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டிருந்தார். வேனில் கூட வரும் அக்கா அன்று லீவு. பிள்ளைகளை ஒற்றை ஆளாக இறக்கிவிட்டு, பக்கத்துக் காலி மனையில் வண்டியைப் பூட்டி நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கடைசி சீட்டில் ரித்விக் என்ற மூன்று வயதுப் பையன் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. நான் வருகைப் பதிவேட்டில் ரித்விக்குக்கு 'வரவில்லை' என்று குறித்தேன். வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒன்பதரைக்குள் போன் செய்து கேட்க வேண்டும் என்பது விதி. அன்றைக்குப் பார்த்து, பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று பார்க்க ஐந்தாறு பெற்றோர் வந்து வகுப்பறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். மேடம் அவர்களோடு நின்று என்னைக் காட்டி ஏதோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போனை அப்புறம் செய்யலாம் என்று வைத்துவிட்டேன். அதற்குள் தூறல் நின்று வெயில் சுரீர் என்று அடிக்க ஆரம்பித்திருந்தது.

யாழினி என்று ஒரு நாலு வயதுப் பெண். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வருவாள், பள்ளியில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வேனில் ரித்விக் பக்கத்தில்தான் உட்காருவாள். அவள் வந்து என் குர்தாவைப் பிடித்து இழுத்தாள். "மிஸ், ரித்விக் வேன்ல தூங்கறான்." நான் கையை விரித்தேன், தலையைச் சாய்த்தேன், சிரித்தேன். நோ என்தியேந்தோ. அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். "எந்திரிக்கல மிஸ். நான் எழுப்பினேன், எந்திரிக்கல." நான் அதையே செய்தேன். அவள் போய்ச் சுவரோரம் நின்று யோசித்தாள். நாலு வயதுப் பிள்ளை நின்று யோசிப்பதை நீ இனிமேல் தினமும் பார்ப்பாய், உதடு மட்டும் அசையும். பிறகு மூன்றாம் முறையாக வந்தாள். இரண்டு மாதத்தில் அவளுக்கு வந்திருந்த கொஞ்சம் ஸ்பானிஷ் சொற்களில் மூன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தாள். 'நின்யோ' என்றாள். பையன். 'அமரீயோ' என்றாள். மஞ்சள். வேன் மஞ்சள் நிறம். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்துக்கு அடியில் வைத்துக் கண்ணை மூடி, 'புவேனாஸ் நோச்சேஸ்' என்றாள். இரவு வணக்கம். தூங்குகிறான் என்று சொல்ல அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கை தட்டினேன். 'முய் பியென், யாழினி!' பிரமாதம் என்று அவளைத் தூக்கிக் கண்ணாடிப் பக்கம் காட்டினேன். இரண்டே மாதத்தில் மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறாள் என்று வெளியே நின்றவர்களும் கை தட்டினார்கள். அந்த உற்சாகத்தில் நான் வகுப்பு முழுவதையும் பாயில் படுக்க வைத்து, கன்னத்துக்கு அடியில் கை வைக்கச் சொல்லி, தாலாட்டு பாட ஆரம்பித்தேன். பிள்ளைகள் எல்லோரும் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். யாழினி மட்டும் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலி மனையில், கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள், அந்தப் பையன் உண்மையாகவே படுத்திருந்தான்.

எனக்கு அவள் சொன்னது காதில் விழவில்லை என்று ஒன்பது வருடமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். விழுந்தது கதிர். ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. ஆனால் அந்த முகத்தைப் போட்டதும் உள்ளே ஏதோ ஒன்று தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறது. முதலில் நீ புரியாத மாதிரி நடிக்கிறாய். கொஞ்ச வருடத்தில் நடிக்க வேண்டிய அவசியமே இருப்பதில்லை. புதன்கிழமை உன்னைப் பார்த்தபோது, ஒரு வாரப் பயிற்சியிலேயே உனக்கு அது ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தது.

அவனைக் காப்பாற்றியவர் கன்னியம்மா அக்கா. யாழினியைக் கழிவறைக்குக் கூட்டிப்போனபோது அவள் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். "ஐயோ, புள்ள வண்டிக்குள்ள கீதாம்!" என்று அந்த அக்கா கத்திக்கொண்டே ஓடியதுதான் எனக்குக் கேட்டது. சாவி சம்பத் அண்ணனிடம் இருந்தது. அக்கா ஒரு செங்கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைத்தார். அவர் கையெல்லாம் கிழிந்துபோனது. பையனை வெளியே எடுத்தபோது சட்டை தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது, கண் பாதி திறந்திருந்தது, கூப்பிட்டால் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வாந்தி எடுத்துவிட்டு "அம்மா" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு அன்றைக்கு எத்தனை பேர் அழுதோம் என்று எண்ண முடியாது. இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விட்டான். அந்தக் குடும்பம் பிறகு வேறு ஊருக்கு மாறிப்போனது. பையன் இப்போது பெரியவனாகி நன்றாகப் படிக்கிறான் என்று மேடம் சொன்னார். இன்னும் சில நிமிடம் போயிருந்தால் இந்த வரியை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த நாள் மேடத்தின் அறையில் எல்லோரையும் உட்கார வைத்து விசாரித்தார்கள். ரித்விக்கின் அம்மா அப்பா, சம்பத் அண்ணன், நான், தன் அம்மா மடியில் யாழினி. மேடம் அவளிடம் தமிழிலேயே கேட்டார். "நீ யார்கிட்டம்மா முதல்ல சொன்னே?" அவள் என்னைக் கையால் காட்டினாள். "மிஸ்கிட்ட சொன்னேன். மூணு தடவ சொன்னேன்." அறையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உன் படிப்பு, வேலை, போலீஸ், செய்தித்தாள், உன் அப்பா முகம், எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. "இல்ல மேடம். எங்கிட்ட எதுவும் சொல்லல. கொழந்த பயத்துல உளறுது" என்று சொன்னேன். யாழினியின் அம்மா பிள்ளையின் கையைப் பிடித்து, "பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?" என்று அதட்டினாள். அந்தப் பெண் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் இன்றுவரை பயப்படும் பார்வை அதுதான்.

சம்பத் அண்ணனை அன்றே நிறுத்திவிட்டார்கள். வண்டியைச் சோதிக்காதது அவர் தப்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாதித் தப்பு என்னுடையது, முழுவதையும் அவர் சுமந்துகொண்டு போனார். இப்போது வேப்பம்பட்டிலிருந்து வந்து அம்பத்தூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். என்னைப் பார்த்தால் விடமாட்டார். "டீச்சர், குந்துங்க, முன்னாடி எடம் கீது. பையன் இன்னா பண்றான்?" என்று கேட்பார். நான் உன்னைப் பற்றிச் சொல்வேன். அவர் சந்தோஷப்படுவார். அதற்குப் பயந்தே பல நாள் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கிறேன். கன்னியம்மா அக்கா கட்டுப் போட்ட கையோடு ஒரே ஒரு முறை என்னிடம் கேட்டார். "அந்தப் பொண்ணு மொதல்ல உங்களாண்ட சொல்லிச்சாமே?" நான் இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னை டீச்சரம்மா என்று கூப்பிடவே இல்லை. யாழினி அந்தப் பருவம் முடியும்வரை பள்ளியில் வாயே திறக்கவில்லை, தமிழிலும் இல்லை, ஸ்பானிஷிலும் இல்லை. பிறகு அவளை நிறுத்தி வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள்.

உனக்கு இப்போது புரிகிறதா, நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று? அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மேடம் எல்லாவற்றையும் மாற்றினார். வேனில் இரண்டு பேர் கட்டாயம், இறக்கியதும் ஒவ்வொரு சீட்டாகப் பார்க்க வேண்டும், பார்த்ததற்கு வேனின் பின்கதவில் ஒட்டிய தாளில் கையெழுத்து. நல்ல மாற்றங்கள். ஆனால் முகத்தை அவர் மாற்றவில்லை. அதில் ஒரு கோளாறு இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான். நான் வாயை மூடிக்கொண்டதால் அது அப்படியே இருந்து, இப்போது ஆவடிக் கிளைக்கும் வந்து, என் மகன் கழுத்தில் ஏறப் போகிறது. பதினெட்டுப் பிள்ளைகள் உன் வகுப்பில். அதில் ஒன்று காதில் வலி என்று சொல்லும். ஒன்று மாடியில் கம்பி உடைந்திருக்கிறது என்று சொல்லும். ஒன்று, யாரோ தன்னைத் தொட்டதைச் சொல்லும். பிள்ளைகளுக்கு அவசரம் அம்மா பேசும் மொழியில்தான் வரும். நீ சிரித்துக்கொண்டு கையை விரிப்பாய்.

மேடம் உன்னை வேலைக்கு எடுத்தபோது, "உங்க அம்மா மாதிரி ஒரு மாஎஸ்த்ரா எனக்குக் கெடச்சதே இல்ல" என்று சொன்னாராம். நீ அதை வீட்டில் வந்து எவ்வளவு பெருமையாகச் சொன்னாய்! நான் பாத்திரம் கழுவுவதுபோலத் திரும்பிக்கொண்டேன். அந்தப் பெயரை வைத்துத்தான் உனக்கு அந்த வகுப்பைக் கொடுத்திருக்கிறார். பையன் என்ன சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியார் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தபோதும் நீ அசையவில்லை. பாயில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பேசும்போது நீ எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக் குட்டிகளோடு பார்த்திருக்கிறேன். நீ அதற்கென்றே பிறந்தவன். அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

யாழினி வீட்டு முகவரியைச் சேர்க்கைப் படிவத்திலிருந்து எழுதி ஒன்பது வருடமாகப் பர்ஸில் வைத்திருக்கிறேன். இரண்டு முறை அவர்கள் தெருமுனைவரை போய், கடையில் சோடா குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். இன்று மூன்றாம் முறை போகிறேன். நீ ஆவடியில் சுவரில் பழப்படம் ஒட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் உன்னைத் தாண்டித்தான் பஸ்ஸில் போவேன். அங்கே உண்மையைச் சொன்னால் அவர்கள் மேடத்தைக் கூப்பிடுவார்கள். மேடம் உன்னைத் திங்கட்கிழமை உள்ளே விடுவாரோ மாட்டாரோ, எனக்குத் தெரியாது. உன் வேலையைக் கேட்காமல் எடுத்துப் பணயம் வைக்கிறேன். இதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டியதில்லை. புடவை மாற்றிக்கொண்டு கிளம்புகிறேன்.

மத்தியானம் மூன்று மணி. போய்விட்டு வந்துவிட்டேன். கை கழுவாமல்கூட எழுத உட்கார்ந்துவிட்டேன், எழுதாவிட்டால் மறுபடி பூசி மெழுகிவிடுவேன்.

கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். எட்டாவது படிக்கிறாள், என் தோளுக்கு வந்துவிட்டாள். என்னைத் தெரியவில்லை. அவள் அம்மாதான் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அட, மிஸ்! வாங்க வாங்க, எவ்ளோ வருஷமாச்சு!" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். காபி வந்தது. என்னைத் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அந்த வேன் விஷயமாகத்தான் வந்தேன் என்று ஆரம்பித்தேன். அவள் சிரித்துவிட்டாள். "ஐயோ மிஸ், அத இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்களா! எங்க வீட்ல யாராவது ரீல் விட்டா வேன் கதைன்னுதான் சொல்லுவோம். போன மாசம் இவ ஜியாமெட்ரி பாக்ஸ் காணாமப் போச்சுன்னு வந்து நின்னா, இவங்கப்பா, என்னடி, இன்னொரு வேன் கதையான்னாரு." யாழினியும் சிரித்தாள். பழகிப்போன சிரிப்பு.

நான் சொன்னேன். கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள், போன் செய்யாதது, மூன்று முறை, கை தட்டியது, மேடத்தின் அறையில் சொன்னது, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் அம்மா கையிலிருந்த டம்ளரை மெதுவாகத் தரையில் வைத்தாள். யாழினிதான் கேட்டாள். "அப்ப நான் நெஜமாவே சொன்னேனா?"

"நீ சொன்னேம்மா. மூணு தடவ சொன்னே."

"எனக்கு ஞாபகமே இல்ல மிஸ். எல்லாரும் சொல்லிச் சொல்லி, நானே பொய்தான் சொன்னேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவள் அம்மா எழுந்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது. "நீங்க கெளம்புங்க மிஸ். மேடத்துக்கு நான் போன் பண்ணத்தான் போறேன்" என்றாள். பண்ணுங்கள் என்றுதான் நானும் சொன்னேன். பிறகு அவள் மகளைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், வாயைப் புடவையால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது யாழினி கேட்வரை வந்தாள். "மூணாவது தடவ ஸ்பானிஷ்ல சொன்னேன்னீங்களே. எப்படிச் சொன்னேன்?" என்று கேட்டாள். நான் தெருவில் நின்று அவளுக்குச் செய்து காட்டினேன். பையன். மஞ்சள். இரண்டு கையையும் கன்னத்துக்கு அடியில் வைத்து, இரவு வணக்கம். அவள் கவனமாகப் பார்த்துவிட்டு, தானும் ஒரு முறை அதேபோலக் கையை வைத்துப் பார்த்தாள். "கரெக்டாதான சொல்லியிருக்கேன்" என்றாள். கரெக்டாகத்தான் சொன்னாள் கதிர்.

சம்பத் அண்ணனிடம் நாளைக்குப் போக வேண்டும். உன் அப்பாவிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும். பயம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் உனக்குத்தான் ஏதோ ஆகப்போகிறது என்று தூக்கிவாரிப்போடுகிறது. மேடம் இதற்குள் உன்னைக் கூப்பிட்டிருக்கவும் கூடும். ஆவடியில் ஏணிமேல் நின்றபடி நீ அந்தச் செய்தியைக் கேட்டிருக்கவும் கூடும். அப்படியானால் இந்தக் கடிதம் தாமதமாக வந்ததற்கு இன்னொரு மன்னிப்பு.

ஒருவேளை திங்கட்கிழமை அந்தக் கதவு உனக்குத் திறந்தால், எனக்காக ஒன்று செய். மேடம் சம்மதித்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. துணியைக் கட்டுவதற்கு முன்னால் பிள்ளைகளை உட்கார வைத்து, அவர்கள் உயரத்துக்கு நீயும் உட்கார்ந்து, தமிழில் சொல்லிவிடு. எனக்குத் தமிழ் தெரியும். விளையாட்டுக்குத்தான் தெரியாத மாதிரி இருப்பேன். வலிச்சாலும் பயந்தாலும் யாருக்காவது ஏதாவது ஆனாலும் ஓடி வந்து தமிழில் சொல்லுங்கள், நான் உடனே துணியைக் கழற்றிவிடுவேன். இதை ஒவ்வொரு திங்கட்கிழமையும் சொல். வராத பிள்ளையின் வீட்டுக்கு முதலில் போன் செய், ராஜாவே வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றாலும் சரி. அதனால் அவர்கள் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள இரண்டு மாதம் கூடுதலாக ஆனால் ஆகட்டும்.

வாசலில் உன் வண்டிச் சத்தம் மாதிரி கேட்கிறது. நான் ஹாலில்தான் இருக்கிறேன். படித்து முடித்ததும் வெளியே வா. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, கையை விரித்துச் சிரித்துவிட்டுப் போய்விடாதே. நன்றாகத் திட்டு. தமிழிலேயே திட்டு. எனக்குப் புரியும்.

அம்மா